கேசட் கணக்கில் வராத காதுகள்

சிரம்பானை ஒட்டிய செனாவாங்கில் ஒரு வீடமைப்புப் பகுதியின் பெயர் தாமான் ரஷீடா உத்தாமா. கடிதம் கொண்டு வருபவருக்கு அது ஒரு முகவரி. எண்பதுகளின் கடைசியில் மலாய் ராக் கேட்டு வளர்ந்தவர்களுக்கோ அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் காதில் கிதார் ஒலிக்கும். விங்ஸ் இசைக்குழு 1988-இல் வெளியிட்ட 'ஹுக்கும் கர்மா' ஆல்பத்தில் இதே பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது. ஹுக்கும் கர்மா என்றால் கர்ம விதி. கோயில் கூத்திலும் பாட்டியின் புலம்பலிலும் கேட்டுப் பழகிய ஒரு சொல்லை மலாய் ராக் ஆல்பத்தின் அட்டையில் பார்த்தபோது, நெகிரி செம்பிலான் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் நின்று கவனித்திருப்பார்கள்.

லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரங்களில் பால்மரக் காடுகள் செம்பனையாக மாறின. செம்பனை நின்ற நிலங்களில் பல, வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்து வீடுகளைக் காலி செய்த குடும்பங்கள் இப்படிப்பட்ட தாமான்களில் குடியேறின. சாமி படம், தையல் இயந்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களோடு ஒரு பெட்டி கேசட்டும் பல வீடுகளில் கூடவே வந்தது.

அந்தத் தலைமுறையினர் இன்று ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பழைய பாட்டைப் பேச ஆரம்பித்தால் வாக்குவாதம் வந்தே தீரும். எது சிறந்த ராக் ஆல்பம்? ஒருவர் விற்பனையைச் சொல்வார்: "அந்தக் காலத்துல அது எத்தன ஆயிரம் போச்சுன்னு தெரியுமா?" இன்னொருவர் விருதைச் சொல்வார்: "ஜுவாரா லாகு ஜெயிச்ச பாட்டு அது!" கேட்க இரண்டும் நியாயமான சான்றுகளாகத்தான் தோன்றும். ஆனால் விற்பனை எண்ணிக்கை எப்படித் திரட்டப்படுகிறது, விருது யாருக்கு என்று எப்படி முடிவாகிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டுமே ஆட்டம் காண்கின்றன.

ஒரு கேசட், இருபது வீடு

பழைய லயத்து வீட்டின் பலகைச் சுவர் பல இடங்களில் கூரையைத் தொடாது. மேலே இடைவெளி இருக்கும். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலாவது வீட்டில் தும்முவார்கள். பாட்டும் அப்படித்தான். சம்பள நாளுக்கு மறுநாள் ஒரு வீட்டுப் பையன் புதுக் கேசட் வாங்கி வந்து ரேடியோ செட்டில் போட்டால், அந்த வரிசை முழுக்க அதைத்தான் கேட்கும். கடைக்காரர் கணக்கில் அது ஒரு பிரதி. கேட்டவர்களோ இருபது குடும்பம்.

அசல் கேசட் வாங்குவதென்றால் நாள் கூலியில் கணிசமான பங்கு போய்விடும். அதனால் வாங்கியவரிடம் இரவல் வாங்கி, இரட்டை டெக் வைத்திருப்பவர் வீட்டில் கொடுத்து, வெற்று நாடாவில் பதிந்துகொள்வார்கள். 'வானொலி ஆறு' ஒலிபரப்பும்போது பதிவு பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களும் உண்டு. பாசார் மாலாமில் பாய் விரித்து அடுக்கிய நகல்கள் வேறு. மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டது. பெர்ன் உடன்படிக்கையில் நாடு சேர்ந்தது 1990-இல்தான். திருட்டு வட்டுகளைத் தடுக்கத் தனியாக ஒரு சட்டம் 2000-இல் வந்தது. இத்தனை சட்டம் தேவைப்பட்டது என்பதே கணக்குக்கு வெளியே எவ்வளவு இசை ஓடியது என்பதற்குச் சாட்சி.

ஆக, "இவ்வளவு ஆயிரம் விற்றது" என்று சொல்லும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்தக் கடையில் எண்ணினார்கள்? சிரம்பான் நகரத்துக் கடையின் ரசீது எண்ணிக்கையில் சேரும். ஜெராம் பாடாங் தோட்டத்தில் கைமாறிய பத்துப் பிரதியும் சேராது.

இது நெகிரி செம்பிலானுக்கு மட்டும் உரிய கதை என்று நினைத்துவிட வேண்டாம். உலகிலேயே பெரிய இசைச் சந்தையான அமெரிக்காவில் பில்போர்டு பட்டியல் பல்லாண்டு காலம் தொலைபேசியில்தான் உருவானது. கடைகளை அழைத்து "இந்த வாரம் எது நன்றாகப் போனது?" என்று கேட்பார்கள். கடைக்காரர் தன் ஞாபகத்திலிருந்தும், சில நேரம் தன் விருப்பத்திலிருந்தும் பதில் சொல்வார். இசை நிறுவனத்தார் செய்யும் சலுகைகளும் அந்தப் பதிலில் கலந்திருக்கும். 1991 மே மாதம் சவுண்ட்ஸ்கேன் என்ற முறை வந்தது. கல்லாவில் பட்டைக்குறி படிக்கப்பட்டால் மட்டும் விற்பனை என்று கணக்கு. அடுத்த மாதமே ஸ்கிட் ரோ என்ற ஹெவி மெட்டல் குழுவின் 'ஸ்லேவ் டு தி கிரைண்ட்' வெளியான வாரத்திலேயே முதலிடத்தில் ஏறியது. செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் நாட்டுப்புற ஆல்பமும் அதேபோல் முதலிடத்தில் நுழைந்தது. கேட்பவர்களின் ரசனை ஒரே மாதத்தில் மாறிவிடவில்லை. தொலைபேசிப் பதிலில் இத்தனை நாளும் குறைத்துச் சொல்லப்பட்டவர்கள் முதன்முறையாகச் சரியாக எண்ணப்பட்டார்கள்.

தங்கத்தட்டு, பிளாட்டினத்தட்டு கதையும் இதேதான். அமெரிக்க இசைத்துறைச் சங்கம் ஐந்து லட்சம் பிரதிகளுக்குத் தங்கமும், 1976 முதல் பத்து லட்சத்துக்குப் பிளாட்டினமும் கொடுக்கிறது. வெகுகாலம் அங்கே எண்ணப்பட்டது கடைக்கு அனுப்பிய பிரதிகள். வாங்கியவர் கையில் சேர்ந்தவை அல்ல. 1978 செப்டம்பரில் கிஸ் குழுவின் நான்கு பேரும் ஒரே நாளில் ஆளுக்கொரு தனி ஆல்பம் வெளியிட்டார்கள். நான்கும் லட்சக்கணக்கில் கடைகளுக்குப் போய்ப் பிளாட்டினம் பெற்றன. பிறகு விற்காத பிரதிகள் பெருமளவில் திரும்பி வந்தன. 2016 முதல் கணக்கு மீண்டும் மாறியது: இணையத்தில் 1,500 முறை பாட்டு ஓடினால் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம். ஒரே பாட்டை 1,500 முறை கேட்டாலும் முழு ஆல்பம் விற்றதாகவே பதிவாகும். அந்த ஆல்பத்தின் மற்றப் பாடல்கள் எப்படி என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது.

முடி நீளம் முடிவு செய்த ஒலிபரப்பு

மலேசியாவில் 'ராக் கப்பாக்' என்று ஒரு காலகட்டம் உண்டு. கப்பாக் என்றால் கோடரி. செர்ச், விங்ஸ், லெஃப்ட்ஹேண்டட் போன்ற குழுக்கள் 1985-ஐ ஒட்டிக் கிளம்பி ஏழெட்டு ஆண்டுகள் நாட்டையே ஆட்டிப்படைத்தன. நீண்ட முடி, இறுக்கமான காற்சட்டை, உச்சஸ்தாயியில் குரல், இரண்டாவது சரணம் முடிந்ததும் எரியும் கிதார். தோட்டத்து இளைஞர்களும் முடி வளர்த்தார்கள். திருவிழா மேடையில் சினிமாப் பாட்டு வாசிக்கும் இசைக்குழுவின் கிதார்காரர், ஒத்திகை நேரத்தில் 'இசபெல்லா'வின் முன்னிசையை வாசித்துப் பார்ப்பார். சுற்றி நிற்கும் பையன்கள் கைதட்டுவார்கள்.

செர்ச் குழுவின் 1989 ஆல்பமான 'ஃபெனோமெனா'வில் வந்த அந்தப் பாட்டுக்கு இசை எம். நாசிர், வரிகள் போப் லொக்மான். அவ்வாண்டு ஜுவாரா லாகுவில் அது வாகை சூடியது. இந்தோனேசியாவிலும் பெரும் அலை எழுப்பியது. மக்கள் வாங்கினார்கள், நடுவர்களும் ஏற்றார்கள், முப்பத்தைந்து ஆண்டு கழித்தும் பாடுகிறார்கள். விருதும் விற்பனையும் தரமும் ஒரே கோட்டில் வந்து நிற்பது நடக்கக்கூடியதுதான். அதை மறுப்பதில் பயனில்லை.

ஆனால் ஜுவாரா லாகு, பாட்டுக்குக் கொடுக்கும் விருது. இசையமைப்பும் வரியும் அங்கே எடைபோடப்படுகின்றன. பத்துப் பாடல்களை எந்த வரிசையில் அடுக்கினார்கள், ஒலிப்பதிவு எப்படி, முதல் பக்கத்தின் சூடு இரண்டாம் பக்கத்தில் ஆறிவிட்டதா என்பதெல்லாம் அதன் பார்வைக்கு வெளியே. ஆல்பங்களையும் எடைபோடும் ஏஐஎம் என்ற இசைத்துறை விருது 1993-இல்தான் உருவானது. ராக் கப்பாக்கின் உச்சம் அதற்குள் முடிந்துவிட்டது. 'ஹுக்கும் கர்மா'வும் 'ஃபெனோமெனா'வும் வெளிவந்த நாளில் அந்த விருது பிறக்கவே இல்லை.

அந்த விருது பிறப்பதற்கு ஓராண்டு முன் நடந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1992-இல் தகவல் அமைச்சராக இருந்த முகமது ரஹ்மாட், நீளமுடி வைத்த ராக் கலைஞர்கள் ஆர்டிஎம் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றத் தடை போட்டார். செர்ச், விங்ஸ் குழுவினர் முடியை வெட்டிக்கொண்டது நாடே பேசிய செய்தி. ஒலிபரப்பு கிடைத்தால்தான் கேசட் விற்கும். அந்த ஒலிபரப்பைக் கத்தரிக்கோல் தீர்மானித்தது. அந்த ஆண்டுகளின் விற்பனை எண்ணிக்கையில் இசையின் பங்கு எவ்வளவு, சலூன் நாற்காலியின் பங்கு எவ்வளவு என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பெட்டிகளும் பெயர்களும்

விருதுக்கு முதல் தேவை ஒரு பெட்டி, அதாவது பிரிவு. பெட்டி தவறாக இருந்தால் உள்ளே வைப்பதும் தவறாகும்.

1989-இல் கிராமி விருதில் ஹார்டு ராக், மெட்டல் இரண்டுக்கும் சேர்த்து முதன்முறையாக ஒரு பிரிவு திறந்தார்கள். மெட்டாலிகா '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தோடு வந்து, அந்த மேடையிலேயே வாசித்தது. விருது போனதோ, புல்லாங்குழலுக்குப் பெயர்பெற்ற ஜெத்ரோ டல் குழுவுக்கு. வாக்களித்த பலர் தமக்குப் பழக்கமான பெயருக்கு வாக்களித்திருக்கலாம். மறு ஆண்டே பிரிவை இரண்டாகப் பிரித்தார்கள், மெட்டாலிகா வென்றது. சிறந்த ராக் ஆல்பம் என்ற கிராமி பிரிவே 1995-இல்தான் தொடங்கியது. ரோலிங் ஸ்டோன்ஸ் அதை 'வூடூ லவுஞ்சு'க்காகப் பெற்றபோது அவர்கள் பாட ஆரம்பித்து முப்பது ஆண்டு கடந்திருந்தது. எழுபதுகளின் ராக் இசையையே திருப்பிப்போட்ட லெட் செப்பலின், போட்டியில் கிராமி வென்றது 2014-இல். அதுவும், குழு கலைந்து பல ஆண்டுகள் கழித்து ஒருமுறை கூடிய கச்சேரியின் பதிவுக்காக.

தமிழில் இதைவிடத் தெளிவான உதாரணம் உண்டு. இளையராஜா 1986-இல் 'ஹவ் டு நேம் இட்?' வெளியிட்டார். தியாகராஜரையும் பாஹையும் ஒரே ஆல்பத்தில் வணங்கிய படைப்பு. தேசிய விருது திரைப்படத்துக்கு உரியது. தமிழ்நாட்டின் திரையிசை விருதுகளும் படத்தையே சுற்றி வந்தன. படம் இல்லாத இந்த ஆல்பத்தை எந்தப் பெட்டியில் வைப்பது? அதே இளையராஜா 'சாகர சங்கமம்', 'சிந்து பைரவி' போன்ற படங்களுக்குத் தேசிய விருது பெற்றவர். விருதுப் பட்டியலை மட்டும் வைத்து அவருடைய இசை வாழ்வை எழுதினால் இந்த ஆல்பம் நடந்ததாகவே தெரியாது.

மலேசியத் தமிழருக்கு இந்தப் பெட்டிச் சிக்கல் மொழியோடும் சேர்ந்து வருகிறது. பினாங்கில் தோன்றிய அலிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் தமிழ்ச் சகோதரர்கள். ஹாங்காங்கில் வாசித்துவிட்டு வந்து, 1979 முதல் மலாய் ஆல்பங்கள் பாடி நாடறிந்தவர்கள். 2007-இல் லோகா இறந்தபோது எல்லா இனத்தாரும் துக்கப்பட்டார்கள். அவர்களை நாடு ஏற்றது, மலாய்ப் பாட்டு வழியாக. 1998-இல் பொயட்டிக் அம்மோ என்ற சொல்லிசைக் குழு தன் ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், கண்டோனீஸ், தமிழ் நான்கையும் கலந்தது. அதிலிருந்த யோகி பி, நட்சத்திராவோடு சேர்ந்து 2006-இல் 'வல்லவன்' என்ற முழுத் தமிழ்ச் சொல்லிசை ஆல்பம் கொடுத்தார். அது கடல் தாண்டித் தமிழ்நாட்டில் புயல் கிளப்பியது. ஜுவாரா லாகு மேடை மலாய்ப் பாட்டுக்கு உரியது என்பதால் 'வல்லவன்' அங்கே போட்டியிடவே முடியாது. பரிசு கிடைக்கவில்லை என்பதால் அது தரம் குறைந்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

பெட்டியை மாற்றவும் முடியும் என்பதற்குத் திரைத்துறை சாட்சி. தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சொன்ன 'ஜகாட்', சஞ்சய் குமார் பெருமாள் இயக்கியது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத படங்களை வேறு பிரிவில் ஒதுக்கினார்கள். திரைத்துறையிலிருந்தே கடும் எதிர்ப்பு எழுந்தது. ஏற்பாட்டாளர்கள் பிரிவுகளைத் திருத்தினார்கள். சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை 'ஜகாட்' வென்றது. படத்தின் ஒரு காட்சிகூட மாறவில்லை. மாறியது விதிமுறைத் தாள்.

பதினைந்தாம் ஆண்டின் விற்பனை

அப்படியானால் எண்ணிக்கைகளை எல்லாம் குப்பையில் போட்டுவிடலாமா? வேண்டாம். எந்த எண்ணை, எந்த நேரத்தில் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973-இல் வந்தது. கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற பெருமை அதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் பில்போர்டு 200 பட்டியலில் 1988 வரையில் 741 வாரம் இருந்தது. வெளிவந்தபோது பிறந்த குழந்தை பதினைந்து வயதில் கடைக்குப் போய் அதை வாங்கியிருக்கலாம். விளம்பரம் ஓய்ந்து, வானொலி வேறு பாட்டுக்குப் போய், சுவரொட்டி கிழிந்த பிறகும் ஒருவர் காசு கொடுக்கிறார் என்றால் அந்த விற்பனை ஆல்பத்தையே பேசுகிறது. முதல் வார விற்பனையில் விளம்பரத்தின் உழைப்பும் கலந்திருக்கும். 'டார்க் சைட்' தொடங்குவதும் முடிவதும் இதயத்துடிப்பில். முதல் பக்கம் முழுவதும் ஒரு பாட்டு இன்னொன்றில் கரைந்து ஓடும். கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அடிக்கும். இதில் எதையும் தனியாக வெட்டி எடுத்து ரசிக்க முடியாது. அதை ஆல்பம் என்று சொல்வதே இந்தக் கட்டமைப்புக்காகத்தான்.

எதிர்ப்பக்கத்தில் சிக்ஸ்டோ ரொட்ரிகெஸ் நிற்கிறார். டெட்ராய்ட் நகரில் கட்டட இடிப்பு வேலை செய்த கலைஞர். 1970-இல் வந்த 'கோல்ட் ஃபேக்ட்' அமெரிக்காவில் விற்கவே இல்லை. இரண்டாவது ஆல்பமும் போகாததால் நிறுவனம் கைவிட்டது. அவரும் கூலி வேலைக்குத் திரும்பினார். இதற்கிடையில் அந்த ஆல்பம் எப்படியோ தென்னாப்பிரிக்கா போய், கையிலிருந்து கைக்கு நாடாவாகப் பரவி, அங்கே ஒரு தலைமுறையின் குரலானது. 1998-இல்தான் அவர் அங்கே மேடையேறினார். அவரைத் தேடிய கதையைச் சொன்ன ஆவணப்படம் 2013-இல் ஆஸ்கர் வாங்கியது. அமெரிக்காவில் விற்காத பாட்டும் தென்னாப்பிரிக்காவில் கொண்டாடிய பாட்டும் ஒன்றுதான். இரவல் நாடாவில் ராக் கேட்டு வளர்ந்த ஒரு தோட்டத்துக்காரருக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை.

எண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் உழைத்தவரைச் சென்று சேராமல் போகவும் கூடும். 2021-இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த, பாடகர் அறிவுடைய பாட்டி தலைமுறையின் வாழ்க்கையிலிருந்து பிறந்தது. யூடியூபில் 40 கோடிக்கும் மேல் பார்வை. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். தோட்டத்து உழைப்பைப் பாடிய பாட்டு இது. கேட்டவர்கள் நாடுவிட்டு நாடு, கோடிக்கணக்கில்.

அலமாரியில் இருப்பவை

ஆல்பத்தின் தரத்தைப் பேசுவதற்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. நட்சத்திரப் பாட்டைத் தாண்டி இரண்டாம் பக்கத்தையும் கேட்க வைக்கிறதா? அதே வகையில் அதற்கு முன் வந்தவற்றிலிருந்து ஒலியிலோ சொல்லிலோ ஓர் அடி நகர்ந்திருக்கிறதா? பின்னால் வந்தவர்கள் அதைக் கேட்டு வாசிக்கக் கற்றார்களா? இருபது வயதில் பிடித்தது ஐம்பது வயதிலும் புதிதாக ஏதாவது சொல்கிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கேட்டவர்களிடம் இருக்கிறது. நெகிரி செம்பிலானில் அவர்களில் பலர் இன்று பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

இங்கே அவசரம் ஒன்று உண்டு. நாடா நிரந்தரமல்ல. நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் அறுந்துபோகும். 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி மலேசியாவில் வெளியாகும் ஒலிப்பதிவுகளையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். தோட்டத்துத் திருவிழா மேடைகளில் வாசித்த தமிழ்க் குழுக்களின் பதிவுகள் பெரும்பாலும் விற்பனைக்கென்று வெளியானவையே அல்ல. எந்தச் சட்டமும் அவற்றைத் தேடி வராது. வீட்டில் வைத்திருப்பவர்தான் காப்பாற்ற வேண்டும். பழைய கேசட் செட்டிலிருந்து ஒரு கம்பியைக் கணினியில் செருகி ஓடவிட்டால் நாற்பத்தைந்து நிமிடத்தில் ஒரு பக்கம் பதிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் ஒரு விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை. தாத்தாவையும் மாமாவையும் பக்கத்தில் உட்கார வைத்து, இது யார் வாசித்தது, எந்தத் திருவிழா என்று கேட்டு எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது.

செனாவாங்கின் ஏதாவது ஒரு வீட்டில், கட்டிலுக்கு அடியில் உள்ள பிஸ்கட் டின்னைத் திறந்தால் இரவல் வாங்கிப் பதிந்த ஒரு கேசட் கிடைக்கும். மூடியின் கீல் உடைந்திருக்கும். நாடா தளர்ந்திருந்தால் பல்சக்கரத்தில் பென்சிலைச் செருகி மெதுவாகச் சுற்ற வேண்டும். உறையின் முதுகில் நீல மையில் எழுதியது மங்கியிருந்தாலும் படிக்க முடியும்: ஏ பக்கம், ஹுக்கும் கர்மா. பி பக்கம், நாயகன்.